பரளச்சிக்குப் போகும் சிவப்புக் கோடு

காலையில் நடந்தால் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்று டாக்டர் சொன்னார், சார். அதனால்தான் நடக்க ஆரம்பித்தேன் என்று நேற்று ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னதில் பொய் இல்லை. மீதியை இன்று சொல்லிவிடுகிறேன்.

அருப்புக்கோட்டையில் எனக்கு நூல் கடை. இருபத்தைந்து வருடம் நூல் கட்டுகளோடு பைக்கில் அலைந்ததில், திருச்சுழி வரைக்கும் உள்ள வண்டிப்பாதை, ஓடை, கண்மாய்க்கரை எல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கள் சைக்கிள் குழுவில் பன்னிரண்டு பேர். ஞாயிறுதோறும் கிளம்புவோம். முந்தின நாள் சாயந்திரம் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, நாளைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே எனக்குச் சனிக்கிழமை பிடிக்கும்.

பிறகு காளிராஜ் வந்து சேர்ந்தார். தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார், வெளியூர்க்காரர். அவருடைய போனில் ஒரு பாதைப் படம் இருந்தது. ஓடுகிறவர்கள், நடக்கிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள் பகிர்ந்த தடமெல்லாம் அதில் தெரியும். கொஞ்சம் பேர் போயிருந்தால் மெல்லிய கோடு. நிறையப் பேர் போயிருந்தால் தடித்த சிவப்பு. ஒரு நாள், கண்மாய்க்கரை மழைக்கு ஆகாது, கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும் என்றேன்.

"அண்ணாச்சி, நீங்க சொல்றது ஒத்த ஆளு நெனப்பு. இது முந்நூறு பேரு போன தடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கடுத்த சனிக்கிழமை கடைக்கு யாரும் வரவில்லை. இரண்டு வருடமாக வரவில்லை. அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று சொல்ல இந்த வயதில் வெட்கமாக இருக்கிறது.

பரளச்சிப் பக்கம் தரிசாகக் கிடக்கும் ஒரு நிலத்தில் பழைய கிணறு இருக்கிறது. கைப்பிடிச் சுவர் கிடையாது. சுற்றிலும் சீமைக்கருவேலம். படத்தில் அந்தக் கிணறே இல்லை. நான் ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்குக் கருவேலத்தை வெட்டி வழி விட்டேன். அப்புறம் நடந்தேன். என் போன், வீட்டுக்காரியின் பழைய போன், கடைப் போன். மூன்றையும் மூன்று பையில் போட்டுக்கொண்டு, மூன்று பெயரில் தடத்தைப் பகிர்ந்தேன். நாற்பத்து மூன்று நாள். ஒரே ஆள் எத்தனை தடவை போனாலும் படம் அதைத் தனித்தனி ஆளாகத்தான் எண்ணும். கிணற்றுக்கு இடப்பக்கமாக ஒரு முறை, வலப்பக்கமாக ஒரு முறை. படத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நடுவில் நேராக ஒரே கோடாகிவிட்டது. நல்ல சிவப்பு.

மற்றவர்களுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். குழுவுக்கு முன்னால் சனிக்கிழமை விடிகாலை தனியாகப் போய்ப் பாதை பார்த்து வருகிறவர் காளிராஜ் மட்டும்தான். ஆடு மேய்க்கிறவர்களுக்குக் கிணறு தெரியும். வழியில் டீக்கடை இருக்கிறது. அங்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "அங்கிட்டுப் போகாதீக" என்று சொல்லியிருப்பார்கள். வாய்விட்டுக் கேட்கிறவனுக்கு அந்தப் பாதையில் ஒரு ஆபத்தும் இல்லை. அவர் டீக்கடையில் நிற்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை விடிகாலை, அவர் சைக்கிளோடு கிணற்றில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் நான் பக்கத்தில் போனேன். முந்தின வாரம் பெய்த மழையில் கிணற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. கால் ஒடிந்திருந்தது என்று நினைக்கிறேன். ஒரு துருப்பிடித்த குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை.

என் புள்ளி அந்தக் கிணற்று ஓரத்தில் நாற்பது நிமிடம் அசையாமல் நின்றதாகப் படம் காட்டுகிறது என்றீர்கள். போனை நிறுத்த மறந்துவிட்டேன். கால் வலித்து உட்கார்ந்தேன் என்று நேற்று சொன்னது பொய்.

வடக்குச் சுவரில் கொடிக்குப் பின்னால் படிக்கல் இருக்கிறது. மேலே நிற்பவருக்குத்தான் தெரியும். அவர், "அண்ணாச்சி, படி எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒருவர் என்னிடம் வழி கேட்கிறார். சொல்லத்தான் நினைத்தேன். சொல்லிவிட்டால் ஏறி வந்துவிடுவார், மறுபடி கேட்கமாட்டார். அதனால் நின்றேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் "எந்தப் பக்கம், எந்தப் பக்கம்" என்று மட்டும் வந்தது. அதுவும் நின்ற பிறகுதான் கிளம்பினேன். ஒவ்வொரு தடவையும் கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் அவர் மனைவி தீபலட்சுமி கடைக்கு வந்தது. "அவுக போனை எடுக்க மாட்டேங்கிறாக, அண்ணாச்சி. எந்தப் பக்கம் போயிருப்பாக? உங்களுக்குத்தான் பாதையெல்லாம் தெரியும்" என்று அழுதது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பரளச்சியை விட்டு விலகிப் போகும் பந்தல்குடிப் பக்கம் தேடச் சொல்லி, எங்கெங்கே திரும்ப வேண்டும் என்று ஒரு தாளில் பொறுமையாக வரைந்தும் கொடுத்தேன். வழி கேட்டு வந்த யாரையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை, சார்.