ஏலக்கா ரூமு லைட்டு

— சீ! என்னக்கா இது, ஸ்விட்ச் போர்டா, கரப்பான் பொந்தா? மூடியைத் தொறந்தா புழுக்கையா கொட்டுது. ஒயரை முறுக்குன எடத்துல டேப்பு இல்ல, புண்ணுக்கு ஒட்டுற பிளாஸ்திரி!

— என்னத்தச் சொல்ல முபினு. எம்மகன் ஜெகதீஷுதான் போன்ல வீடியோ பாத்துக்கிட்டே மாட்டுனான். போடி ஏலத்துல பச்சைக் காய்க்குத்தான வெல? ஏலக்கா பொறுக்குற பொம்பளைகளுக்கு நெறம் நல்லாத் தெரியணும்னு எல்.இ.டி. பல்பு போட்டோம்.

— பல்பு மேல தப்பில்லக்கா. ஸ்விட்ச்சை நியூட்ரல் ஒயர்ல போட்டிருக்கு. கரண்டு வர்ற பேஸ் ஒயர் நேரா ஹோல்டருக்குப் போகுது. இங்க அமத்துனாலும் அங்க கரண்டு இருந்துக்கிட்டேதான் இருக்கும். இந்தா, அமத்திட்டேன். ஹோல்டர்ல டெஸ்டரை வைக்கிறேன், பாருங்க.

— ஆத்தாடி, எரியுதே!

— எரியும். அமத்துன பெறகும் பல்பு மங்கலா மினுங்கிக்கிட்டே கெடந்திருக்குமே?

— ஆமா, விடிய விடிய மினுங்கும். நைட் லேம்ப்பு வாங்குற செலவு மிச்சம்னு நெனச்சோம்.

— மிச்சமா! குண்டு பல்பா இருந்தா கம்முனு கெடந்திருக்கும். எல்.இ.டி.க்குத் துளிக் கரண்டு போதும், மினுங்கிரும். அது காட்டிக் குடுத்துச்சு, நீங்க நைட் லேம்ப்புன்னீங்க. சரி, ஆளுக்கு ஷாக் அடிச்சா பட்டுனு விழுற டிரிப்பர் ஏன் விழல?

— அது மழை நாள்ல சும்மா சும்மா விழுந்துச்சுப்பா. சோலி கெடுதுன்னு ஜெகதீஷு டிரிப்பரைக் கழட்டிட்டு ஒயரை நேரா முறுக்கி விட்டுட்டான்.

— தூ! நெனச்சாலே அருவருப்பா இருக்கு. எர்த்தும் இல்ல. ஷாக் அடிச்சப்ப உங்க வேலைக்காரி ராமுத்தாயம்மா எதுல ஏறி பல்பு மாத்துச்சு?

— இரும்பு ஸ்டூலு.

— வெறுங்காலோடயா?

— ஏலக்கா பரப்புற ரூமுக்குள்ள யாரு செருப்போட போவா? அப்பத்தான் ஈரத்துணி போட்டுத் தரையைத் தொடச்சிருந்தா.

— ஸ்விட்ச்சை அமத்துச்சா?

— அமத்திட்டுத்தான் ஏறுனா. நானே கண்ணால பாத்தேன்.

— இப்ப எப்படி இருக்கு?

— தேனி ஆஸ்பத்திரில கெடக்கா. உசுருக்கு ஒண்ணுமில்ல. வலது கையில ரெண்டு வெரலு கரிஞ்சு போச்சு.

— அந்த வெரல வச்சுத்தானக்கா அந்தம்மா காய் பொறுக்கிப் பொழைக்குது.

— அதான் பயமா இருக்கு. அவ புருசன் சுருளிவேலு சாயங்காலம் நாலு பேரைக் கூட்டிட்டு வர்றான். நீ லைசென்சு வச்சிருக்கவன், நீ சொன்னா எடுபடும். அவதான் லைட்டை அமத்தாம ஈரக்கையை வச்சுட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிரு தம்பி.

— இப்பத்தான கண்ணால பாத்தேன்னீங்க?

— உங்கிட்ட சொன்னேன். அவங்கிட்டயுமா சொல்லப் போறேன்?

— சீ, போங்கக்கா. அவசரம்னு கூப்ட்டீங்களேன்னு போடிமெட்டு எஸ்டேட்டு வேலையைப் பாதியில போட்டுட்டு வந்தேன். இதுக்குத்தானா? நடந்தது எதுவோ அதைத்தான் சொல்லுவேன்.

— கோவிச்சுக்காத. தெரியாம நடந்து போச்சு. தெரிஞ்சிருந்தா விடுவமா?

— தெரியாம நடந்ததுன்னா அதையே சுருளிவேலுகிட்ட சொல்லி மன்னிப்புக் கேளுங்க. கூட நான் நிக்கிறேன். இப்பத் தள்ளுங்க, உங்க வீட்டுப் பக்கமும் ஜெகதீஷு மாட்டுனதுதான? பேரப்புள்ள ஓடி வெளாடுற எடம். அதை வெரசாப் பாத்துருவோம்.

— அங்க வேணாம் தம்பி. போன மாசம் மருமக மகாராணிக்குச் சுருக்குனு அடிச்சிருச்சு. அன்னைக்கே ஆளைக் கூட்டியாந்து வீட்டுப் பக்கம் பூராம் மாத்திட்டோம். இந்த ரூமுல நம்மாளுக யாரும் பொழங்குறதில்லைல, அதான் அப்படியே விட்டுட்டோம்.