நலமான குழந்தைகள் அறுபது

மூடி சரியாக இறுகாத டப்பா ஒன்றைக்கூட நான் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனதில்லை. விசாரிக்க வந்திருக்கிறீர்கள், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளின் மலம் சேகரிப்பது என் வேலை. வயிற்றுப்போக்கு எதனால் வருகிறது என்று கண்டறியும் ஆராய்ச்சி. நுண்ணோக்கிக்குச் சிக்காத கிருமியையும் அதன் மரபணுவை வைத்துப் புதுக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் டாக்டரம்மா முதல் நாளே சொன்னார்: "சீக்காளிக் குழந்தைகிட்ட கிருமி இருந்தா மட்டும் பத்தாதுப்பா. நல்லா இருக்கற குழந்தைகிட்ட அது இருக்கக் கூடாது. அப்பதான் அதுதான் காரணம்னு சொல்ல முடியும்."

சீக்காளிக் குழந்தைகள் வார்டிலேயே கிடைத்தார்கள். நலமான குழந்தைகள் அறுபது பேருக்குத்தான் மாடி மாடியாக ஏற வேண்டியிருந்தது. "எங்க குழந்தை நல்லாத்தானே இருக்கு, அப்புறம் அது எதுக்கு உங்களுக்கு?" என்று ஒரு தாய் கதவைச் சாத்தினாள். நியாயமான கேள்விதான்.

என் வீட்டிலேயே எட்டு மாதக் குழந்தை இருந்தாள். கொழுகொழுவென்று இருப்பாள், ஒரு தும்மல் கிடையாது. ஒரு டப்பா நிரப்பினேன். பிறகு பழகிவிட்டது. "என்னங்க இது, தினமும் டிபன் பாக்ஸ் மாதிரி எடுத்துட்டுப் போறீங்க?" என்று மனைவி சிரித்தாள். நீங்கள் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அறுபதில் நாற்பத்தொன்று என் மகளுடையது.

அவள் வயிற்றில் சீதபேதிக் கிருமி சத்தமில்லாமல் குடியிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

முடிவுகள் வந்தபோது டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கற குழந்தைங்ககிட்டதான் இந்தக் கிருமி அதிகமா இருக்கு. அப்போ இது நோய்க்குக் காரணமில்ல. இதுக்குப் போய் மருந்து குடுத்துட்டு இருந்திருக்கோமே! ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தாச்சு. கருவி பொய் சொல்லாதுப்பா."

கருவி பொய் சொல்லவில்லைதான். நாற்பத்தொன்றும் ஒரே வயிறு என்பது எனக்கு மட்டும் தெரியும். ஆனால் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை.

அடுத்த மாதமே வார்டில் அந்த மருந்தை நிறுத்தினார்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் மட்டும் கொடுத்தார்கள்.

கதவைச் சாத்திய அதே தாயை வார்டு வராந்தாவில் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். "ரத்தமாப் போகுது சார். அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான் குடுக்கல. அதனாலதான் என்னன்னு கண்டுபிடிக்க முடியலையா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. மனசப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று ஆறுதல் சொன்னேன். அவளுக்குத் தண்ணீர்கூட வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது. அதுபோல மொத்தம் பதினாறு என்கிறீர்கள். என் கணக்கிலும் அதேதான்.

மழைக்காலத்தில் என் மகளுக்கும் ரத்தமாகப் போயிற்று. வார்டுக்குக் கொண்டுபோகவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய், என்னைத் தெரியாத கடையில், நிறுத்திய அந்த மருந்தையே வாங்கிக் கொடுத்தேன். ஐந்தே நாளில் தேறிவிட்டாள்.

அப்போதாவது டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லத்தான் போனேன். அவர் அறை வாசல்வரை போய் யோசித்தேன். இப்போதுதான் பிழைத்து எழுந்திருக்கிறாள், இந்த நேரத்தில் அப்பனுக்கு வேலை போனால் அவளை யார் பார்ப்பது? நானும் பிள்ளை பெற்றவன்தானே.

அந்தப் பதினாறில், அதற்குப் பிறகு இறந்தது ஏழுதான்.