பழுப்புக் கோட்டுக்காரன்

தீர்ப்பெழுத இறகுப் பேனாவை ஏந்தி, இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பாதிரியார் லாவெல் அவர்களே! அவருக்கு வலப்பக்கம் செக்கச் சிவந்த சீருடையில் பொத்தான்கள் பளபளக்க வீற்றிருக்கும் குதிரைப்படைக் கேப்டன் ஃபேன்ஷா அவர்களே! ஹெர்ன்கேட் துறையின் மூத்தோரே! மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்து நிற்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, பெயர் சொல்ல விரும்பாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! உங்களுக்கும் சேர்த்துத்தான் என் வணக்கம்.

சிரிக்காதீர்கள்! சிரிப்பு மூட்டவா மேடையேறினேன்? வயிறு எரிகிறது, அதனால் ஏறினேன்.

நான் சைலஸ் தர்கிள். சுங்கத்துறையின் குதிரைக் காவலன். என்னோடு இந்தக் கரையைக் காத்தவன் அம்ப்ரோஸ் டின்டல். அந்த அம்ப்ரோஸ் இப்போது பக்கத்து அறையில் சவப்பெட்டிக்குள் கிடக்கிறான். அவனுக்கு இந்த ஆலயத் தோட்டத்தில் ஆறடி நிலம் உண்டா, அல்லது கடத்தல்காரர்களின் பிணங்களைப் போடும் கடற்கரைக் குழிதானா? இன்று அதைத்தான் தலைவர் முடிவு செய்யப்போகிறார். அவன் மனைவி தாம்சின் அதோ முன்வரிசையில், குண்டு துளைத்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அப்படி என்ன குற்றம் செய்தான் அம்ப்ரோஸ்? கொலை செய்தானா? கொள்ளையடித்தானா? இல்லை ஐயா, இல்லை! பழுப்பு நிறத்தில் ஒரு கோட்டுப் போட்டிருந்தான்!

கேப்டன் அவர்கள் சற்று முன் இதே மேடையில் என்ன சொன்னார்? "மூடுபனியில பாத்தேன். கள்ளப் பிராந்திப் பீப்பாய் தூக்கினவனெல்லாம் பழுப்புக் கோட்டு. இவனும் பழுப்புக் கோட்டு. அவங்க கூடவே ஓடினான், வாயே தொறக்கல, என் ஆளுங்க சுட்டாங்க. வெலை போயிட்டான், அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதானாம்! ஒரு மனிதனின் மானம், மரணம், மனைவியின் கண்ணீர், எல்லாம் அவ்வளவுதானாம்!

கேட்கிறேன். படைவீரனுக்குச் சிவப்புக் கோட்டு உண்டு. பண்ணையார் வீட்டில் தட்டு ஏந்துகிறவனுக்குச் சரிகைக் கோட்டு உண்டு. இந்த ஆலயத்தில் தூங்குகிறவனைத் தட்டியெழுப்புகிற ஆளுக்குக்கூடப் பித்தளைப் பொத்தான் உண்டு! கத்திக்கும் துப்பாக்கிக்கும் எதிரே தனியாகப் போகிற சுங்கக் காவலனுக்கு என்ன உண்டு? குதிரை எங்களுடையது. செருப்பு எங்களுடையது. சட்டை எங்களுடையது. சாவு மட்டும்தான் மன்னருக்காக!

தாம்சின் அவனிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். "ஏங்க, இந்தக் கோட்ட விட்டுத் தொலைங்க. தூரத்துல பாத்தா நீங்களே பீப்பாய் தூக்குறவன் மாதிரி இருக்கீங்க." அதற்கு அந்தப் பாவி சிரித்துக்கொண்டே, "வேற கோட்டுக்கு எங்கடி போறது? ஊர்ல எல்லாருக்கும் ஒரே தையக்காரன், ஒரே துணி. வேணும்னா உன் பாவாடைய மேல சுத்திக்கிட்டுப் போகவா?" என்பானாம். அழாதே தாம்சின். இன்று அழவேண்டியவள் நீ இல்லை.

தலைவர் அவர்களே, இந்த மேசையில் இரண்டு கோட்டுகளை வைக்கிறேன். ஒன்று என்னுடையது. மற்றது போன வாரம் பிடிபட்ட கடத்தல்காரனுடையது. கேப்டன் அவர்களே, எழுந்து வாருங்கள். இதில் சுங்கக் காவலனின் கோட்டு எது? தொட்டுப் பாருங்கள், புரட்டிப் பாருங்கள், அவசரமில்லை. இதுவா? நிச்சயமாக இதுதானா?

மோந்து பாருங்கள் ஐயா! பிராந்தி நாற்றம் மூக்கைத் துளைக்கவில்லை? நீங்கள் காட்டியது கடத்தல்காரனின் கோட்டு!

பட்டப்பகலில், பக்கத்தில் வைத்து, கையால் தடவிப் பார்த்தும் தெரியாத உமக்கு, பனிக்குள் ஓடியவனின் முதுகைப் பார்த்ததும் அவன் மனசே தெரிந்துவிட்டதா?

கை தட்டாதீர்கள்! உங்களிடமும் வருகிறேன். கேப்டனாவது பனியின் மேல் பழி போடலாம். உங்களுக்கு எது பனி?

பீப்பாய் வரும் ஓசை கேட்டதும் மீன்காரத் தெருவே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். எதற்கு? நாளைக்கு வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்து, எவரையும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டுமே! அன்று விடிகாலையும் அப்படித்தான் வரிசையாக நின்றீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் அம்ப்ரோஸ் விழுந்தான். நான் அப்போது மறுகரை மேட்டில் இருந்தேன். ஓடிவந்து, மீன் விற்கும் மெர்சி அக்காவைக் கேட்டேன். "நான் செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னேன் தம்பி, ஒருத்தன் மூஞ்சியும் பாக்கல" என்றார். "பாத்தியான்னு கேக்கல அக்கா, காதுல விழுந்துச்சான்னு கேக்கறேன்" என்றேன். அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

பயமா? இருக்கும். கடைசி வரிசையில் தொப்பிகள் இருக்கின்றன அல்லவா! சரி, யார் பீப்பாய் சுமந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எவன் பெயரும் எனக்கு வேண்டாம். என் அம்ப்ரோஸ் வாயைத் திறந்தானா இல்லையா? அது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

எழுந்திருங்கள் எல்லோரும்! சுவரைப் பார்த்துத் திரும்புங்கள்! பழகின வேலைதானே, திரும்புங்கள்! ம்... இப்போது எவரும் எவர் முகத்தையும் பார்க்க முடியாது. அன்று கேட்டதை அந்தச் சுவரிடம் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

யாரது? மெர்சி அக்காவா? உரக்கச் சொல்லுங்கள் அக்கா. "மன்னர் பேரால நில்லுங்கடான்னு கத்திக்கிட்டே தொரத்தினான்." தலைவர் அவர்களே, எழுதிக்கொள்ளுங்கள்! அப்புறம்? சொல்லுங்கள் அக்கா, அப்புறம்?

"சுடாதீங்க, நான் சுங்கத்துறைன்னு செவப்புக் கோட்டுக்காரங்களப் பாத்துக் கத்தினான்."

அந்த மூலையில் யார்? "ஆமா, நானும் கேட்டேன்." இந்தப் பக்கம்? "நானும்தான். தொண்டை கிழியக் கத்தினான்யா." கேட்டீர்களா சபையோரே! தெருமுழுக்கக் கேட்டிருக்கிறது! சுவருக்கே கேட்டிருக்கிறது!

எங்கே எழுந்து போகிறீர்கள் கேப்டன்? உட்காருங்கள்! வாயே திறக்கவில்லை என்றீரே, இப்போது உம் வாயைத் திறந்து பேசும்!

எல்லோரும் இந்தப் பக்கம் திரும்புங்கள். முகத்தைக் காட்டுங்கள், இனி வெட்கம் வேண்டாம். தலைவர் அவர்களே, பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். தலையசைக்கிறீர்கள். தோட்டத்திலா? ஆலயத் தோட்டத்திலேயேவா? நன்றி ஐயா.

தாம்சின், அந்தக் கோட்டை இப்படிக் கொடு அம்மா. படைவீரன் செத்தால் பெட்டியின் மேல் அவனுடைய சிவப்புக் கோட்டை விரிக்கிறார்கள். எங்கள் அம்ப்ரோஸின் பெட்டி மேல் இந்தப் பழுப்புக் கோட்டை விரிப்போம், ஓட்டை எல்லோருக்கும் தெரியும்படி. இன்று முதல் இதுதான் எங்கள் சீருடை!

பொறுமையோடு கேட்ட மூத்தோருக்கும், சுவரை விட்டுத் திரும்பிய தாய்மாருக்கும் என் நன்றியும் வணக்கமும். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும். தொப்பி போட்டவர்களும் வரலாம்.