கொர்னேலியஸ் வீட்டுப் பெண்

2006இல் ஒரு சனிக்கிழமை, காலை பத்து ஐந்து. பார்க்கிங் என்ற ஊரின் பஸ் நிறுத்தத்தில் முதலில் கண்ணில் பட்டது, குளிர்கோட்டுக்குக் கீழே தெரிந்த பட்டுச்சேலை. அதைக் கட்டியிருந்த அம்மா பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார்:

“நாங்கள் ரோமாபுரிக் குடும்பமாம், தெரியுமே?”

“ஆரக்கா சொன்னது?”

“மாப்பிள்ளையின்ரை தேப்பன், இத்தாலிக்காரன். எங்களைக் காணவே மாட்டன் எண்டு நிண்ட மனுசன். போன கிழமைதான் மகளின்ரை முழுப் பேரைக் கேட்டவர். கொர்னேலியஸ் எண்டதும் எழும்பி நிண்டிட்டார். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி ரோமை ஆண்ட குடும்பமாம், தளபதிமாராம். உடனை கலியாணத்துக்கு ஓம் எண்டிட்டார். இண்டைக்கு மோதிரம் மாத்தப் போகினம்!”

“கொர்னேலியஸ் அத்தான்ரை சொந்தப் பேரெல்லோ?”

“ஓம். நாங்கள் தேப்பன்ரை பேரைத்தானே பின்னுக்குப் போடுறது. அது அந்தாளுக்குத் தெரியாது.”

“நீங்கள் சொல்லேல்லையோ?”

“மோதிரம் ஏறட்டும், பிறகு சொல்லுறன்.”

“அப்ப ரோமிலை காணியிலையும் பங்கு கேளுங்கோ.”

“விடுவனே!”

பஸ் வந்தது. இருவரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

“அத்தான்ரை அப்பாவுக்கு என்ன பேர்?”

“செல்லத்துரை.”