கண்டிக்குப் போகாத மெயில்

வாங்க தம்பி, வாங்க. பத்து மணிக்கு லைன்மேன் மஹ்ரூப் வருவாருன்னாங்க, நீங்கதானா அது, ஒம்பதுக்கே வந்து நிக்கிறீங்க. நல்லதுதான். ஆனா ரிசீவர தூக்கிப் பாத்துட்டு ‘லைன் நல்லாத்தான இருக்கு’ன்னு மட்டும் சொல்லிராதீங்க. போன தடவ வந்தவரு அதத்தான் சொன்னாரு, டீயக் குடிச்சாரு, போய்ட்டாரு.

குறுக்கு லைன் தம்பி. சுத்தக் குறுக்கு லைன். இந்தா இருக்கே மொடம், இது வெடியக்காலையில தானா கண்டிக்கு டயல் பண்ணும். அங்க ஜுனைதீன்னு ஒருத்தரு, ஹாட்வெயார் கடை. அவரு கம்பியூட்டரு எடுத்து, நம்ம மெயில வாங்கிக்கிட்டு நமக்கு வந்ததக் குடுக்கும். போலிங்னு பேரு. ஃபைல் ஏதும் வேணும்னா பேர எழுதி விட்டா அதையும் அனுப்பிரும். எல்லாம் அஞ்சுலேர்ந்து ஆறு மணிவரைக்குந்தான், அதுக்குப் பொறகு அது கடை போன். நான் அஞ்சே காலுக்கு செட் பண்ணி வச்சிருக்கேன். இந்த அந்தோனிமுத்து தேயிலத் தோட்டத்துல பெரிய கிளாக்கரா இருந்தவன், காலையில ஆளுகள வேலைக்குக் கூப்புடுற பெரட்டு மணியே நான் சொன்னாத்தான் அடிப்பாங்க. நேர விசயத்துல நான் தப்பு விடுவேனா?

ஆனா ஒரு மாசமா டயல் பண்ணுனா ஒரு பொம்பள எடுக்குது! ‘யா அல்லாஹ், இன்னிக்குமா!’ன்னு அது கத்துது. மொடம் கீச்சுன்னு இங்கேர்ந்து கத்துது. எந்த ஊருப் பொம்பளையோ, பாவம், ஒங்க கம்பிக் கோளாறுல அதுக்கும் நிம்மதியில்ல.

வெளையாட்டில்ல தம்பி. எம் மக கொறற்றி கனடாவுல இருக்கா. இதுலதான் எழுதுவா. கடைசியா வந்ததுல, நடராஜான்னு ஒருத்தர கட்டிக்க ஆசப்படுறேன், அப்பா சரின்னா சரி, ஒரு மாசம் யோசிங்க, இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள பதில் இல்லன்னா வேணாம்னு எடுத்துக்குறேன்னு எழுதியிருக்கா. பையன் போட்டோ கண்டியில ஃபைலா கெடக்குதாம். நம்மளப்போல மாதா கோயிலுக்குப் போற வேதக்காரப் பையனில்ல. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்... எம் பொஞ்சாதி மார்ஜரியோட பேச்சையே விட்டுட்டேன், என்னமோ அவதான் மாப்பிள்ள பாத்த மாதிரி. பொறகு... நம்ம புள்ளதானே. சரின்னு தட்டி மெயில்ல போட்டேன். ஒரே வார்த்த. போன் எடுத்துச் சொல்லலாந்தான், வாயில வரணுமே தம்பி. தட்டுறது லேசு.

என்ன, கை வாட்சப் பாக்குறீங்க, ஸ்கிரீன்ல மணியப் பாக்குறீங்க? ஒரு மணித்தியாலம் பின்னுக்கு நிக்குதா? நிக்கும். நாந்தான் மாத்தல. கரண்ட் மிச்சம் பிடிக்கிறோம்னு போன மாசம் கவுண்மெந்து மணிய முன்னுக்குத் தள்ளுச்சுன்னா, சூரியன் என்ன முந்தியா வருது? அம்மன் கோயில்ல பூசை இன்னும் பழைய நேரந்தான். நான் கோயிலுக்குப் போறவனில்ல, ஆனா இந்த விசயத்துல ஐயர் பக்கந்தான். ரோட்டுல புது நேரம், என் வீட்டுல பழைய நேரம். ஜுனைதீனுக்கு அந்த ரோசமெல்லாம் கெடையாது. யாவாரி. சொன்ன அன்னைக்கே மாத்தி...

மாத்தியிருப்பாரு.

அப்ப நம்ம அஞ்சே காலு அங்க ஆறே காலு. கடை போன். அப்ப அந்தப் பொம்பள... ஐயையோ, ஸுலைஹா! அவரு சம்சாரம்! அந்தம்மா கையால நான் வட்டிலப்பம் சாப்பிட்டிருக்கேன் தம்பி.

மார்ஜரி! இன்னிக்கு சனிதான? ...மாதாவே. நம்ம ‘சரி’ இன்னும் இந்தப் பொட்டிக்குள்ளேயே கெடக்கு. அப்பா வேணாம்னுட்டாருன்னு புள்ள அங்க அழுதுகிட்டு இருக்கும்.

கெளம்பிட்டீங்களா? டீ... சரி, போய்ட்டு வாங்க. லைன் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிருங்க.

...ஹலோ? கொறற்றி? அப்பா பேசுறேன்மா... ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லாருக்கோம்... இங்க மழை... ஆமா... அது வந்து... சரிம்மா... அதுக்குத்தான் சரின்னேன்... அழாத. அழாத புள்ள. அம்மாட்ட குடுக்குறேன் இரு... அங்க ராவா?... இங்கயா? இங்க மணி பத்தும்மா.