கடைசி அட்டை

எங்கள் தொழிற்சாலையில் ஏர்கண்டிஷன் இருந்த ஒரே அறை, அட்டைகள் வைத்திருந்த அறைதான். துவாக்குடி வெயிலில் மனிதர்கள் வெந்தால் பரவாயில்லை. துளையிட்ட அட்டை காற்றின் ஈரத்தில் கொஞ்சம் உப்பினால் மெஷினுக்குள் சிக்கிக் கிழிந்துவிடும். அதனால் மே மாதத்தில் ஆளாளுக்கு ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே வந்து நிற்பார்கள். நான் நாள் முழுக்க அங்கேயே இருப்பவன். என்மேல் பொறாமை உண்டு. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எனக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் பாதிப் பேர் வியர்த்துக்கொண்டு சொன்னவர்கள்.

என் பெயர் தேசிகன். வயது நாற்பத்தாறு. ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதி. கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துவிட்டு அறுபத்து நான்கில் இந்த வேலைக்கு வந்தேன். சென்னைக்கு அனுப்பி மூன்று மாதம் ஃபோர்ட்ரான் படிக்க வைத்தார்கள். இந்த ஜில்லாவில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் திருத்துங்கள். இருக்காது.

கம்ப்யூட்டர் மெஷினுக்குக் கட்டளை எழுதும் மொழி அது; ஒவ்வொரு கட்டளையையும் ஒரு அட்டையில் துளைகளாகப் போட்டுக் கொடுப்போம். ரொம்ப எளிது. 'டூ' என்று எழுதினால் ஒரே வேலையைச் சொன்ன தடவை திரும்பத் திரும்பச் செய்யும். அதற்கு லூப் என்று பெயர். 'இஃப்' என்று எழுதினால் ஒரு கணக்குப் போட்டு, விடை பூஜ்யத்துக்குக் கீழா, பூஜ்யமா, மேலா என்று பார்த்து, மூன்று வழியில் ஒரு வழியாகப் போகும். மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காக யோசித்து நான் பார்த்ததில்லை. பாக்கியநாதனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பாக்கியநாதன் திட்டப் பிரிவுத் தலைவர், என் மேலதிகாரி. ஆறு வாரம் அமெரிக்கா போய்வந்தவர். அந்த ஆறு வாரத்தை இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் மேஜைக்கு வருவார். அடுக்கிலிருந்து ஒரு அட்டையை உருவி அதன் முனையால் பல் குத்துவார். குத்திக்கொண்டே, "மிஸ்டர் தேசிகன், இன்னும் பத்து வருஷத்துல மனுஷ மூளைக்கு வேலையே கிடையாது" என்பார். அவரைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றும். பேச்சு முடிந்ததும் முனையைச் சட்டையில் துடைத்துவிட்டு அட்டையைத் திரும்ப அடுக்கில் செருகுவார். ஈர முனையில் ஒரு கீரை நார் ஒட்டியிருக்கும். நான் அதை இடுக்கியால் எடுத்து, துளைபோடும் நஜீமாவிடம் கொடுத்து, புது அட்டை அடிக்கச் சொல்வேன். இரண்டு வருஷம், ஐயா. ஒரு நாள்கூட நான் குரலை உயர்த்தியதில்லை.

மெஷின் இங்கே கிடையாது. சென்னையில் இருந்தது, மணிக்கணக்கில் வாடகை. அட்டைகளைத் தகரப் பெட்டியில் அடுக்கி ரயிலில் அனுப்புவோம். நாலைந்து நாளில் அச்சடித்த தாள் திரும்பி வரும். எங்கள் இன்ஜினீயர்களின் கணக்கெல்லாம் முடிந்து, வாடகை நேரத்தில் பத்து நிமிஷம் மிஞ்சும். அந்தப் பத்து நிமிஷத்தை என்ன செய்வது என்று பாக்கியநாதன் யோசித்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

வெல்டர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள், மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். மாதா மாதம் கண் பரிசோதனை உண்டு, பத்துக்கு இவ்வளவு என்று மார்க். ஆறுக்குக் கீழே போனால் வேலைக்குத் தகுதியில்லை. ஒரு குமாஸ்தா அரை மணி நேரத்தில் சிவப்புப் பென்சிலால் சுழித்துக் கொடுத்துவிடுவார். பாக்கியநாதன் அதை 'எலெக்ட்ரானிக் மூளை' செய்ய வேண்டும் என்றார். ஆளுக்கு ஒரு அட்டையில் பெயர், எண், மார்க் துளைபோடச் சொல்லி, எழுதிக் கொடுத்தேன்.

நான் எழுதியதைச் சொல்கிறேன், சிரமமே இல்லை. ஒரு நாற்காலி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆளாக வந்து உட்கார வேண்டும். ஃபெயில் ஆனவன் அங்கேயே இருப்பான். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடப்படும். பாஸ் ஆனவன் சும்மா எழுந்து போகமாட்டான். அடுத்தவன் வந்து எழுப்பினால்தான் எழுவான். எல்லோரும் முடிந்ததும், ஃபெயில் எத்தனை பேரோ அத்தனை நாற்காலிகளில் இருப்பவர்களின் எண்ணை அச்சடி என்று கடைசியில் ஒரு டூ லூப்.

நாலு பேர் ஃபெயில் என்றால் நாலு எண் வரும். சரி. யாருமே ஃபெயில் இல்லையென்றால்? கடைசி ஆள் பாஸ்தான், ஆனால் அவனை எழுப்ப அடுத்தவன் இல்லை. முதல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருப்பான். இருக்கட்டும், பூஜ்யம் தடவை அச்சடி என்றால் அச்சடிக்காதே என்றுதானே நீங்கள் நினைப்பீர்கள்? ஃபோர்ட்ரான் அப்படி நினைக்காது. கல்யாணப் பந்தியில் சில பேர் இலையில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுத்தான் "போதுமா?" என்று கேட்பார்கள் அல்லவா, டூ லூப் அந்த ஜாதி. ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் எத்தனை என்று பார்க்கும். புத்தகத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது.

ஆக, எல்லோருக்கும் கண் நன்றாக இருக்கும் மாதத்தில் கடைசி அட்டைக்காரன் வேலை போகும்.

ஜனவரியில் நாலு பேர். பிப்ரவரியில் இரண்டு. மார்ச்சில் யாரும் இல்லை; தாளில் நல்லுசாமி என்ற கிரேன்காரன் எண் வந்தது. அவன் கத்தினான். கண் பரிசோதனை செய்யும் தொழிற்சாலை டாக்டர் கூப்பிட்டு எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசி வரி வரை படித்தான். டாக்டர் தாளை எடுத்துக்கொண்டு பாக்கியநாதனிடம் போனார்.

"டாக்டர், உங்க பலகை வேற, மெஷின் வேற. நீங்க இன்னைக்குப் பாக்கறீங்க. அது டிரெண்டைப் பாக்குது."

கண் தகுதியில்லை என்ற சீட்டில் டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஐந்து வருஷம் மருத்துவம் படித்தவர், ஐயா.

அன்று பத்து நிமிஷத்தில் பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன். திருத்துவதற்கு ஒரே ஒரு அட்டை போதும்: லூப்புக்கு முன்னால் ஒரு இஃப். எண்ணிக்கை பூஜ்யமா, அச்சடிக்காமல் நேரே முடிவுக்குப் போ. நஜீமாவும் கேட்டாள். கெட்டிக்காரப் பெண்.

"சார், யாருமே ஃபெயில் ஆகலேன்னா இது எங்க போகும்? நான் ஒரு இஃப் கார்டு அடிச்சு வெச்சிருக்கேன், பாருங்களேன்."

"நீங்க துளை போட்டாப் போதும்மா" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

ஏன் திருத்தவில்லை? ஜூனில் டைரக்டர்கள் வருவதாக இருந்தது. பாக்கியநாதன் அவர்கள் முன்னால் மூளையைப் பற்றிச் சொற்பொழிவு செய்யப்போகிறார். முடித்து மூச்சு விடும்போது நான் எழுந்து, அந்த மூளைக்குப் பூஜ்யம் தெரியாது என்று நாலே வாக்கியத்தில் சொல்வது. மனமகிழ் மன்ற ஆண்டு விழாவுக்கு வருஷா வருஷம் நையாண்டி எழுதுகிறவன் நான். பலூனை ஊதவிட்டுத்தான் குத்த வேண்டும். ஏப்ரலிலும் யாரும் ஃபெயில் இல்லை. சின்னையா என்று ஒருவன் போனான். அந்த இரண்டு பேரும் தற்செயல். அட்டைகள் எப்படி அடுக்கப்பட்டிருந்தனவோ அப்படியே அனுப்பினேன்.

வீரமலை அப்படி அல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வீரமலை லால்குடிப் பக்கத்து ஆள். வெல்டர். முப்பது வயதிருக்கும். கேன்டீனில் ஒரு நாள் கணக்குப் பிரிவுக்காரர்களுக்கு இஃப் வாக்கியத்தின் மூன்று வழிகளை விளக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நேரமாகிவிட்டது போலிருக்கிறது. பக்கத்து மேஜையிலிருந்து அவன் டம்ளரை வைத்துவிட்டு, "ஏன் சார், அந்த மிசினு அட்டையத்தானே பாக்குது, ஆளப் பாக்குதா? எங்க கங்காணிகூட ஒரு தடவ மூஞ்சிய நிமிந்து பாத்துட்டுத்தான் திட்டுவாரு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

மே மாத அட்டைகள் வந்தபோது ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். ஆறுக்குக் கீழே யாரும் இல்லை. வீரமலைக்கு ஒன்பது. அதுவரை எண் வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தோம். பெயர் வரிசை பார்வைக்கு ஒழுங்காக இருக்குமே என்று அந்த மாதம் மாற்றினேன். தமிழ் அகரவரிசையில் 'வீ' எங்கே வரும் என்று உங்களுக்கே தெரியும். வேலுச்சாமி என்று ஒருவன் அவனுக்கும் பின்னால் வந்தான். அந்த அட்டையை மட்டும் கொஞ்சம் மேலே ஏற்றினேன்.

பாக்கியநாதன் பெயரில் ஒரு அட்டை அடித்து ஏன் கடைசியில் வைக்கவில்லை என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. அவர் வெல்டர் அல்ல. இல்லாத விவரத்தை அட்டையில் ஏற்றுவது மோசடி. நான் அனுப்பிய முந்நூற்றுச் சொச்சம் அட்டைகளில் ஒரு துளைகூடப் பொய் இல்லை.

தாளில் அவன் எண் வந்து, சீட்டுக் கிழித்த பத்தாம் நாள் காலை, வீரமலை தன் மனைவி மயிலம்மாளோடு ஸ்ரீரங்கத்துக்கு என் வீட்டுக்கு வந்தான். பஸ் கம்பெனிப் பட்டறைக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறான். கண் தகுதியில்லை என்ற சீட்டைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். வாசலிலேயே நின்றார்கள்.

"சாமி, எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது. அந்தாண்ட கோபுரத்துல உக்காந்திருக்கிற புறா தெரியுது. ஆனா மிசினு இல்லேங்குதே" என்றான்.

மயிலம்மாள் குறுக்கே வந்தாள். "இவுக ராவெல்லாம் கண்ணைக் கசக்கிக்கிட்டே கெடக்காங்க சாமி. சமயபுரத்தாளுக்குக் கண்மலர் சாத்திட்டோம். ஒரு வைத்தியரு சாறு ஊத்துனா சரியாப் போகும்ங்கறாரு. ஊத்தலாமா? மிசினு பொய் சொல்லுமா சாமி? நீங்கதான் அதுக்குப் பாஷை எழுதுறவங்கன்னாங்க."

கேன்டீனில் 'சார்' என்றவன் இங்கே 'சாமி' என்றான். கைகூப்பிக்கொண்டு, முதுகை வளைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். அருவருப்பாக இருந்தது. அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் பேசிய வாய் எங்கே போயிற்று? டைரக்டர்கள் வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றேன்.

அது உண்மை. எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் பாருங்கள்.

சாற்றில் எருக்கம்பால் கலந்திருந்தது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்கிறார். மூன்று நாள் ஊற்றியிருக்கிறார்கள். இமைகள் சீழில் ஒட்டிக்கொண்டு, வெந்நீர்த் துணி வைத்துப் பிரித்தார்களாம். உள்ளே வெள்ளையாக, வேகவைத்த மொச்சைபோல இருந்தது என்று நஜீமா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். நான் பாதியில் எழுந்துவிட்டேன்.

டைரக்டர்கள் வந்தார்கள். பாக்கியநாதன் வீரமலை கதையைத்தான் முதலில் எடுத்தார். டாக்டர் பார்த்தபோது ஒன்பது மார்க். மெஷின் மட்டும் தகுதியில்லை என்றது. பதினைந்தே நாளில் ஆள் குருடு. "ஜென்டில்மென், நம்ம டாக்டருக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். ஒரு டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இன்னொருவர், இதை எழுதியது யார் என்று கேட்டார். பாக்கியநாதன் என்னைக் காட்டினார்.

எழுந்தேன். நாலு வாக்கியமும் நாக்கில் இருந்தன. அதற்குள் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கை தட்டும்போது குறுக்கே பேசுவது நாகரிகம் அல்ல. வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மறு வாரம் நஜீமா உங்கள் தொழிலாளர் இலாகாவுக்குக் கடிதம் எழுதினாள். தான் அடித்து வைத்திருந்த இஃப் அட்டையையும் கூடவே வைத்திருந்தாள். சரியாகவே அடித்திருந்தாள், பார்த்தேன். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம், பாவம்.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். நியாயமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். என் வக்கீலுக்கு ரொம்பத் திருப்தி. இப்படியே போனால் ஒரு கண்டனக் கடிதம், ஒரு மாற்றல், அதோடு முடிந்துவிடும் என்கிறார். ஆனால் மூன்றாம் பாராவில் 'டூ லூப்பின் தன்மையைத் தேசிகன் அறியாததால் நேர்ந்த பிழை' என்று இருக்கிறது. இதில் நான் கையெழுத்துப் போட முடியாது.

'அறியாததால்' என்பதை அடித்துவிடுங்கள். மார்ச்சிலிருந்தே தெரியும் என்று எழுதுங்கள். வீரமலையின் அட்டையை நான்தான் கடைசியில் வைத்தேன், அவன் கண் நன்றாக இருந்தது தெரிந்தே வைத்தேன். வாசலில் வந்து கேட்டபோது ஒரு வார்த்தையில் அந்தக் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம், சொல்லவில்லை. எல்லாவற்றையும் எழுதுங்கள், எத்தனை பக்கம் ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஃபோர்ட்ரான் தெரியாது என்று மட்டும் ஒரு சர்க்கார் காகிதத்தில் இருக்கக் கூடாது, ஐயா. பாக்கியநாதன் அதைப் படிப்பார்.