பாற்சோற்றுத் தட்டு

கஞ்சிக்கு உப்பைக் கடைசியில்தான் போடவேண்டும். முதலிலேயே போட்டால், தண்ணீர் வற்ற வற்ற உப்புக் கூடிக்கொண்டே வரும். இங்கே பீலெஃபெல்ட் நகரத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு மே பதினெட்டாம் தேதி கஞ்சி காய்ச்சுவது நான்தான். முள்ளிவாய்க்காலில் சண்டையின் கடைசி நாட்களில் சனத்துக்குக் கிடைத்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும். அதனால் நாங்களும் வேறொன்றும் சேர்ப்பதில்லை.

நீங்கள் ரகுநாதனின் கையைப் பற்றியே கேட்கிறீர்கள். எந்தக் கை, எவ்வளவு வேகம் என்று. பொலிஸுக்கு அது தேவையாக இருக்கலாம். மொழிபெயர்க்க வந்திருக்கும் இந்தப் பிள்ளையும் பாவம், அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறாள். நான் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

என் கணவர் அரியரத்தினம்தான் சங்கத் தலைவர். எங்களுக்கு மேல்மாடியில் குசுமா இருந்தாள். சிங்களப் பெண். ஜெர்மன்காரர் ஒருவரைக் கட்டி இங்கே வந்தவள். அவர் இறந்தபின் தனியாக இருந்தாள். ஊரில் தன் தாயிடம் விட்டுவந்த மகன் பட்டாளத்தில் சேர்ந்து, கடைசிச் சண்டையில் காணாமல் போனான். நாங்கள் ஜெர்மனில்தான் பேசிக்கொள்வோம். என்னை அக்கா என்பாள். எனக்கு முழங்கால் ஒப்பரேஷன் செய்தபோது கடைச் சாமான்களைப் படியேற்றித் தந்தது அவள்தான். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கணவர் சொன்னார்.

"கமலா, இந்தமுறை நினைவுநாளுக்குக் குசுமாவையும் கூப்பிடுவம். அவளும் ஒரு விளக்குக் கொளுத்தட்டும்."

"ஆருக்கு?"

"மகனுக்கு."

"எங்கட சனத்தைச் சுட்டவனுக்கோ?"

"பெத்தவளுக்குப் பிள்ளைதானே."

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

சங்கக் கூட்டத்தில் சேயோன் என்ற பொடியன் நக்கலடித்தான். "தலைவர், அடுத்தமுறை ஆமிக்காரனுக்கும் ஒரு கதிரை போடுவமோ?" எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். பிறகு அமைதியாகப் பேசத் தொடங்கினார். அவர் கத்தியிருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க மாட்டேன். கத்தினால் சனம் எதிர்த்துக் கத்தும், அத்தோடு முடிந்துவிடும். ஆனால் அவர் மெதுவாகப் பேசினார், சனம் தலையாட்டத் தொடங்கியது. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் முள்ளிவாய்க்கால் மணலில் புதைத்துவிட்டு வந்த ரகுநாதன்கூட, "வரட்டும் அண்ணை. ஒரு ஓரத்தில இருந்திட்டுப் போகட்டும்" என்றார்.

அப்போதுதான் இதைத் தடுக்கவேண்டும் என்று விளங்கியது. முதலில் ஒரு கதிரை. அடுத்த வருடம் ஒரு விளக்கு. அதற்கடுத்த வருடம், இரண்டு பக்கமும்தானே அழுதது என்று எங்கள் பிள்ளைகள் சொல்வார்கள். பிறகு எங்களிடம் மிச்சம் என்ன இருக்கும்? ரகுநாதனைப் போன்றவர்கள் களைத்துப்போனவர்கள், அவர்களைக் குறை சொல்ல ஏலாது. நான் எண்பத்தைந்திலேயே இங்கே வந்துவிட்டேன். சண்டையை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் என்னால் நிதானமாக யோசிக்க முடிந்தது.

அடுத்த கிழமை குசுமா வந்து, என்ன உடுப்பது, என்ன கொண்டுவருவது என்று கேட்டாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வெள்ளைச் சேலை உடு, பாற்சோறு கொண்டுவா என்றேன்.

"அது நல்ல நாளுக்குச் செய்யிறதல்லவா, அக்கா?"

"செத்தவர்களுக்குப் படைக்கிற நாளும் எங்களுக்கு நல்ல நாள்தான்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. தேங்காய்ப்பால் எந்தக் கடையில் நல்லது என்றுகூடச் சொல்லிக் கொடுத்தேன்.

மொழிபெயர்க்கிற இந்தப் பிள்ளைக்கு வயது காணாது, தெரிந்திருக்காது. சண்டை முடிந்த அந்தக் கிழமை, தெற்கில் சிங்களச் சனம் தெருத்தெருவாகப் பாற்சோறு பகிர்ந்து கொண்டாடினார்கள். எங்கள் மண்டபத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள். குசுமா பார்க்கவில்லை. அந்த மாதம் முழுக்க, மகனைப் பற்றிய செய்திக்காகத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கிடந்தாளாம், தொலைக்காட்சியே போடவில்லையாம். என் குசினியில் இருந்து அழுதுகொண்டு அவளே சொன்னது. நான்தான் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

மண்டபம் முதலாம் மாடியில் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரகுநாதன் படியேறி வருகிறவர்களுக்கு விளக்குக் கொடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். குசுமா ஏறி வந்தாள். பாற்சோற்றை டைமண்ட் துண்டுகளாக அழகாக வெட்டியிருந்தாள். மேலே மூடியிருந்த துணியை எடுத்து, இரண்டு கையாலும் தட்டை அவரிடம் நீட்டினாள். "எடுங்கோ அண்ணை" என்றாள். அந்தத் தமிழை நான்தான் பழக்கினேன். இந்த ஆளுக்குத்தான் முதலில் கொடுக்கவேண்டும், அவர்தான் எங்களில் அதிகம் இழந்தவர் என்று ரகுநாதனின் படத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

அவர் தட்டைத் தள்ளினார். அவளுக்குப் பின்னால் படி இருந்தது. வலக்கையா இடக்கையா என்று நான் கவனிக்கவில்லை. அடுப்பில் கஞ்சி இருந்தது.

"கூப்பிட்டது நான், பிழை என்னுடையது" என்று சொல்லி என் கணவர் தலைவர் பதவியை விட்டார். இப்போது வீட்டிலேயே இருக்கிறார். அதிகம் பேசுவதில்லை. வெளியாட்களைக் கூப்பிடுவதில்லை என்று சங்கம் தீர்மானம் எடுத்தது, ஒருவரும் எதிர்க்கவில்லை. ரகுநாதனுக்கு மறியற்சாலையில் மரக்கறிச் சாப்பாடு கிடைக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். அவர் வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சாப்பிடுவதில்லை.

குசுமா சாவதற்கு முந்தைய நாள் நான் அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கள் ஆட்களில் போனது நான் மட்டும்தான். தலையில் கட்டுப் போட்டிருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

"அக்கா, அவருக்கு ஏன் கோபம் வந்தது? உப்புக் குறைவோ?"

ஓம், கொஞ்சம் குறைவுதான் என்றேன். அந்த நிலையில் கிடக்கிறவளின் மனத்தை நோகப்பண்ண எனக்கு விருப்பமில்லை.